அன்னிய நாட்டைத் தம் நாடாக்கிக் கொண்ட புனித ஜோசப் வாஸ்



கடலோரத்தில் பிறந்த நமக்குக் கடல் கடப்பது புதிய செய்தி அல்ல. 1739-ஆம் ஆண்டில் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமானது. அதன் பின் இம்மண்ணின் மக்கள் ரெயூனியன் தீவுக்கும், சைகோனுக்கும், பிரான்சுக்கும் கப்பலேறிப் போனார்கள். இன்று சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் விமானத்தில் போகிறார்கள். போகிறவர்களை வழியனுப்பும்போது கோவிலில் மெழுகுதிரி ஏற்றி வைக்கிறோம். பூசைக்குக் கருத்துக் கொடுக்கிறோம். ஆனால் அங்கே போய் இறங்கிய பின் அவர்கள் படும் பாட்டை நாம் முழுவதும் அறிவதில்லை. மொழி தெரியாது, ஊர் தெரியாது. நோய் வந்தால் ஒரு வாய் கஞ்சி வைத்துத் தர ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோவில் எந்தப் பக்கம் என்று கேட்கக்கூட நாவு எழாது.

இந்தப் பாடு அனைத்தையும் பட்டு, புதிய நாட்டில் வேரூன்றி, அந்நாட்டு மக்களுக்கே தகப்பனாக ஆன ஒரு குருவானவரின் சரித்திரத்தை இந்த ஜூபிலி மலரில் சொல்வது பொருத்தம் என்று கருதுகிறோம். அவர்தான் இலங்கையின் அப்போஸ்தலர் என்று போற்றப்படும் புனித ஜோசப் வாஸ் சுவாமியார்.

பிறப்பும் படிப்பும்

கோவா நாட்டில் பெனவுலிம் என்ற ஊரில் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ஆம் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் கொங்கணி பேசும் பிராமண குலத்துக் கத்தோலிக்கர். தகப்பனாரின் ஊர் சங்கோலே. வீட்டில் கொங்கணியும், பள்ளியில் போர்த்துக்கீசியமும், பின் இலத்தீனும் கற்றார். சேசு சபைக் குருக்களிடமும் சாமிநாதர் சபைக் குருக்களிடமும் உயர்கல்வி பெற்று, 1676-ஆம் ஆண்டில் குருப்பட்டம் அடைந்தார். அடுத்த ஆண்டிலேயே தம்மைத் தேவமாதாவின் அடிமையாக எழுதிக் கொடுத்தார். அன்று முதல் சாகும்வரை தம்மை ஒரு தலைவராக அவர் எண்ணியதே இல்லை.

1681 முதல் 1684 வரை மங்களூர், பசரூர், குந்தாப்பூர் முதலிய கன்னடக் கரை ஊர்களில் சிதறிக் கிடந்த கத்தோலிக்க மக்களிடையே உழைத்தார். கோவா திரும்பியதும், புனித பிலிப்பு நேரியாரின் முறையில் சேர்ந்து வாழத் தொடங்கியிருந்த கோவா நாட்டுக் குருக்களோடு 1685-இல் இணைந்து, அவர்களுக்குத் தலைவரானார். ஓரட்டோரியன் சபை என்று இதனைச் சொல்வர். இருந்த இடத்திலேயே அவர் மதிப்போடு வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் நெஞ்சு வேறு பக்கம் இழுத்தது.

குருவில்லாத நாடு

அக்காலத்து இலங்கையின் நிலையைச் சற்று விளக்க வேண்டும். போர்த்துக்கீசியர் ஆண்ட காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார், கொழும்பு முதலிய கரையோர நாடுகளில் திரளான மக்கள் கத்தோலிக்க மறையைத் தழுவியிருந்தனர். பின் டச்சுக்காரர் வந்தனர். 1656-இல் கொழும்பும், 1658-இல் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குப் போயின. நமக்குத் தெற்கே உள்ள நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் அதே 1658-ஆம் ஆண்டில்தான் டச்சுக்காரர் வசமாயின. அவர்கள் கால்வினிய சபையைச் சேர்ந்தவர்கள். இலங்கையில் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். குருக்களுக்கு இடம் கொடுப்பதையும் தடை செய்தார்கள். கோவில்கள் அவர்களுடைய வழிபாட்டுக்குப் போயின.

இப்படி ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழிந்தன. ஒரு தலைமுறையே பூசை காணாமல் வளர்ந்துவிட்டது. பாவசங்கீர்த்தனம் இல்லை, நன்மை வாங்குவது இல்லை. சாகும் நேரத்தில் அவஸ்தைப் பூசுதலும் இல்லை. வீட்டுக்குள் இரகசியமாகச் சொன்ன செபமாலை ஒன்றே மிஞ்சியது. இந்தச் செய்தி கோவாவை எட்டியபோது வாஸ் சுவாமியாரால் பொறுத்திருக்க முடியவில்லை.

கூலியாளாகக் கடல் கடந்தது

அங்கியோடு போனால் கரையில் இறங்குமுன்பே பிடிபடுவார். ஆகவே குரு வேடத்தைக் கழற்றினார். இடுப்பில் ஒரு துணி, தலையில் ஒரு கட்டு, வெறுங்கால் என்று பிழைக்கப் போகும் கூலியாளின் கோலம் பூண்டார். யோவான் என்ற பணியாள் கூட வந்தார். பூசைக்கு வேண்டிய சாமான்களை மூட்டைக்குள் மறைத்துக் கொண்டு, கோவாவிலிருந்து தெற்கே நடந்து தூத்துக்குடி சேர்ந்தனர். 1687-ஆம் ஆண்டில் அங்கிருந்து தோணியேறினர்.

வேடம் என்று சொல்கிறோமே தவிர, அது வெறும் வேடமாக நிற்கவில்லை. உயர்குலத்தில் பிறந்து, இலத்தீன் கற்று, ஒரு சபைக்குத் தலைவராக இருந்தவர், அன்று முதல் கூலியாள் உண்பதை உண்டார்; கூலியாள் படுக்கும் இடத்தில் படுத்தார்; கூலியாளை விரட்டுவது போல் விரட்டப்பட்டார். வெளிநாடு போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இங்கே படித்த படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு அங்கே பாத்திரம் கழுவுகிறார்கள், சுமை தூக்குகிறார்கள்! அவர்களுக்கு இந்தப் புனிதர் அன்னியர் அல்லர்.

கடல் அவரைச் சும்மா விடவில்லை. காற்றின் போக்கில் தோணி அலைக்கழிந்து மன்னாரில் கரை சேர்ந்தது. அங்கிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது உடல் சோர்ந்து, கடுமையான வயிற்றுக்கடுப்பு நோய் பற்றிக்கொண்டது. யோவானும் நோயில் விழுந்தார். அறிமுகம் இல்லாத ஊர், கையில் காசு இல்லை, வாயைத் திறந்து தாம் யார் என்று சொல்லவும் முடியாது. ஒதுக்குப்புறத்தில் சாகக் கிடந்த அந்த இருவருக்கும் இரங்கி, ஒரு பெண்மணி கஞ்சி கொண்டு வந்து கொடுத்தார். அந்தக் கஞ்சியால் அவர்கள் உயிர் தப்பினார்கள்.

அந்த அம்மாள் தாம் ஊட்டுவது ஒரு குருவானவருக்கு என்று அறிந்து ஊட்டவில்லை. நாதியற்ற ஒரு பரதேசி என்றுதான் ஊட்டினார். இலங்கைத் திருச்சபைக்கு மறுபடி உயிர் வந்தது அந்தக் கஞ்சிக் கலயத்தில் என்று சொன்னால் மிகையாகாது.

கழுத்தில் செபமாலை

உடல் தேறியதும் வேலை தொடங்கியது. ஆனால் எங்கே தொடங்குவது? யார் கத்தோலிக்கர், யார் டச்சுக்காரரின் ஆள் என்று தெரியாது. தவறான வீட்டில் தம்மை வெளிப்படுத்தினால் தமக்கு மட்டுமல்ல, அந்த ஊருக்கே கேடு. ஆகவே செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். சோறு வாங்குவது ஒரு காரியம். அந்த மாலையைக் கண்டதும் எந்தக் கண் கலங்குகிறது என்று பார்ப்பது இன்னொரு காரியம்.

அப்படிப் பார்த்துப் பார்த்து, ஒரு குடும்பத்தை நம்பித் தாம் குரு என்று தெரிவித்தார். செய்தி ஒருவர் காதிலிருந்து ஒருவர் காதுக்கு மெல்லப் போயிற்று. யாழ்ப்பாணத்துக்கு அருகே விசுவாசத்தில் உறுதியாக நின்ற சில்லாலை என்ற ஊரார் அவரைத் தங்களிடம் அழைத்து வைத்துக்கொண்டார்கள். அங்கே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தங்கினார். பகலில் மறைந்திருப்பார். இரவில் யாராவது ஒருவர் வீட்டில் பூசை நடக்கும். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். பெற்றோரின் திருமணத்தை மந்திரிப்பார். விடியுமுன் வேறு வீட்டுக்குப் போய்விடுவார்.

இதற்குள் தமிழும் வசப்பட்டது. மொழி தெரியாமல் பாவசங்கீர்த்தனம் கேட்க முடியுமா? சாகிறவனுக்கு ஆறுதல் சொல்ல முடியுமா? ஆகவே மக்கள் பேசும் தமிழை மக்கள் வாயிலிருந்தே கற்று, அவர்களுக்கு வேண்டிய செபங்களைத் தமிழில் அமைத்துக் கொடுத்தார். பின்னாளில் சிங்களத்திலும் அப்படியே செய்தார்.

1689-ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில் சோதனை வந்தது. பூசைக்குக் கூடியிருந்த மக்கள்மீது டச்சுப் போர்வீரர் பாய்ந்தனர். சுவாமியார் கையில் அகப்படாமல் தப்பினார், மக்கள் அகப்பட்டார்கள். பலர் சிறைப்பட்டனர். முன்னின்றவர்கள் கசையடி பட்டனர். எனினும் அவரைக் காட்டிக் கொடுக்க அவர்கள் மனம் துணியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊர் பேர் தெரியாமல் வந்த ஒருவருக்காக இவ்வளவும் பொறுத்தார்கள். புதிய நாட்டில் ஒருவன் வேரூன்றினான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கண்டியில் சிறை

தம்மால் மக்கள் துன்புறுவதைச் சகியாமல், 1690-ஆம் ஆண்டில் கண்டி இராச்சியத்துக்கு உட்பட்ட புத்தளத்துக்குப் போனார். அங்கிருந்து 1692-இல் தலைநகராகிய கண்டிக்கே புறப்பட்டார். டச்சுக்காரர் கை எட்டாத இடம் அது. பெளத்தராகிய இரண்டாம் விமலதர்மசூரியன் அங்கே ஆண்டு வந்தார்.

ஆனால் சுவாமியார் வருமுன்பே அவதூறு வந்து சேர்ந்துவிட்டது. கண்டியில் லனரோல் என்ற ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். 1672-இல் பிரெஞ்சுக் கப்பற்படையோடு வந்து, அந்த நாட்டிலேயே தங்கிவிட்டவர். கால்வினிய சபையைச் சேர்ந்தவர். வருகிறவர் போர்த்துக்கீசிய ஒற்றர் என்று அவர் அரண்மனையில் தெரிவித்தார். சுவாமியாரையும் யோவானையும் பிடித்துக் காவலில் வைத்தார்கள்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். லனரோலும் அந்த நாட்டில் அன்னியர்தான். மொழி தெரியாத இடத்தில் தட்டுத் தடுமாறி நிலைத்தவர்தான். பின்னால் வரும் இன்னொரு அன்னியனுக்கு முதலில் இரங்க வேண்டியவர் அவரே. ஆனால் முதலில் கதவை அடைத்தவர் அவர்தான். வெளிநாட்டில் நம்மவர்களைக் கேட்டால் இந்த அனுபவம் இன்றும் உண்டு என்பார்கள். முன்னே போய் நிலைத்தவர் பின்னே வருகிறவரைக் கைதூக்கி விடுவதும் உண்டு. கண்டும் காணாதது போல் ஒதுங்குவதும் உண்டு. யாழ்ப்பாணத்துப் பெண்மணியும் கண்டியில் இருந்த லனரோலும் நமக்கு முன்னால் இரண்டு வழிகளாக நிற்கிறார்கள்.

சுவாமியார் சிறையை வீணாக்கவில்லை. அதையே பள்ளிக்கூடமாக்கிச் சிங்களம் கற்றார். காவல்காரருக்கு அவர்மேல் வரவர நம்பிக்கை ஏற்பட்டது, கட்டுப்பாடு தளர்ந்தது. முதலில் ஒரு சிறு குடிசை போட்டுப் பீடம் அமைத்தார். கண்டியில் இருந்த கத்தோலிக்கர், தயங்கித் தயங்கி, ஒருவர் ஒருவராக வந்தார்கள். தம்மைத் தற்காத்து அவர் வாதாடவில்லை. நாள்தோறும் அவர் நடக்கும் நடையைப் பார்த்து ஊரே தீர்ப்புச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்நாட்களில் கடும் பஞ்சம் வந்தது, மழையே இல்லை. நாட்டில் உள்ள வழிபாட்டினர் அனைவரையும் மன்றாடும்படி அரசர் கேட்டுக்கொண்டார். வாஸ் சுவாமியார் திறந்த வெளியில் பீடம் அமைத்து, சிலுவையை வைத்து முழந்தாளிட்டார் என்றும், செபம் முடியுமுன்னே மழை கொட்டியது என்றும், பீடமும் அவரும் மட்டும் நனையவில்லை என்றும் மரபு கூறுகிறது. அதன் பின் அரசர் அவரை விடுவித்து, இராச்சியம் முழுவதும் போய்ப் போதிக்க அனுமதி தந்தார். கிறிஸ்தவப் பெயர் பூண்ட டச்சுக்காரர் வேட்டையாடிய குருவுக்கு, பெளத்த அரசர் நிழல் கொடுத்தார். இதனை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

அம்மை நோய் வந்தபோது

1697-ஆம் ஆண்டில் கண்டியில் பெரிய அம்மை பரவியது. அரசரும் அரண்மனையாரும் நகரை விட்டு நீங்கினர். நோய் கண்டவர்களை வீட்டார் காட்டில் கொண்டுபோய் விட்டனர். அந்த நோய்க்கு அக்காலத்தில் மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை.

ஓட வழி இருந்தும் சுவாமியார் ஓடவில்லை. கோவாவிலிருந்து வந்திருந்த ஜோசப் கர்வாலோ சுவாமியாரும் அவரும் காட்டில் கிடந்தவர்களைத் தேடிப் போனார்கள். பந்தல் போட்டார்கள், காலியாகக் கிடந்த வீடுகளை மருத்துவமனையாக்கினார்கள். சோறு சமைத்து ஊட்டினார்கள், புண்களைக் கழுவினார்கள், இறந்தவர்களைத் தாங்களே சுமந்து அடக்கம் செய்தார்கள். இவன் கத்தோலிக்கனா, பெளத்தனா என்று ஒருவரையும் கேட்கவில்லை. நோய் தணியும்வரை மாதக்கணக்கில் இந்தப் பணி நடந்தது.

யாழ்ப்பாணத்தில் சாகக் கிடந்தபோது தாம் பெற்ற கஞ்சிக் கடனை அவர் கண்டியில் வட்டியோடு திருப்பினார் என்றே சொல்ல வேண்டும். ஒற்றர் என்று ஐயப்பட்ட நகரம் அதன் பின் அவரை அன்னியர் என்று எண்ணவில்லை. அரசர் வெளிப்படையாகவே தம் மதிப்பைக் காட்டினார். ஆனால் சுவாமியார் அரசரிடம் பரிசு எதுவும் பெறவில்லை. மக்கள் இட்ட பிச்சைச் சோறே போதும் என்று இருந்துவிட்டார்.

வேர் பரவியது

தனி ஒருவராக வந்தவர், தமக்குப் பின் வருகிறவர்களுக்கு வழி அமைத்தார். கொச்சி மேற்றிராணியார் அவரைத் தம் விகார் ஜெனரலாக நியமித்தார். கோவாவிலிருந்து குருக்கள் அடுத்தடுத்து வந்தார்கள். அவர்களுக்குத் தமிழும் சிங்களமும் கற்க ஏற்பாடு செய்தார். 1705-இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வஸ் சுவாமியார் அவ்விரு மொழிகளிலும் பல நூல்களை இயற்றிப் புகழ் பெற்றார்.

குருவானவர் ஓர் ஊருக்கு ஆண்டில் சில நாட்களே வர முடியும். ஆகவே ஊர்தோறும் அண்ணாவியார், மூப்பர் என்று பொதுநிலை மக்களைப் பொறுப்பில் வைத்தார். செபம் சொல்லிக் கொடுப்பது, நோயாளிகளைப் பார்ப்பது, ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர்கள் கையில் இருந்தது. குரு இல்லாத நாளிலும் பங்கு நின்று போகாமல் நடந்தது. உபதேசியார்களும் சங்கத்தாரும் தாங்கி நிற்கும் நமது பங்குக்கும் இது பாடமாகும்.

மேற்றிராணியார் பதவி அவரைத் தேடி வந்தது, அவர் ஏற்கவில்லை. 1707-இல் விமலதர்மசூரியன் மறைய, அவர் மகன் நரேந்திரசிங்கன் அரசரானார். புதிய அரசரும் சுவாமியாரிடம் அன்பு பாராட்டினார். ஓயாத நடையாலும் நோயாலும் உடல் தளர்ந்து, 1711-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16-ஆம் தேதி கண்டியில் சுவாமியார் உயிர் துறந்தார். அப்போது வயது 59. இலங்கை மண்ணை மிதித்த நாள் முதல் 24 ஆண்டுகளில் ஒருமுறையும் கோவா திரும்பவில்லை. அவர் உடல் கண்டியிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

1995-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் தேதி கொழும்பு நகரில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி அதே கொழும்பின் காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தார். ஜனவரி 16 அவர் திருநாள். கோவாவில் பிறந்தவரை இலங்கை மக்கள் தங்கள் நாட்டின் முதல் புனிதர் என்று கொண்டாடுகிறார்கள்.

நமக்கு அவர் சொல்வது

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் புனிதரின் வாழ்வு சொல்வது என்ன? கிடைத்த வேலையை இழிவு என்று எண்ணாதே. அந்த நாட்டு மொழியைக் கற்றுக்கொள். கழுத்தில் உள்ள செபமாலையைக் கழற்றாதே. உன்னைச் சந்தேகிப்பவர்களுக்கு உன் நடத்தையே பதிலாகட்டும். அவர்களுக்குத் துன்பம் வரும் நாளில் விலகி ஓடாதே. நம்மவர் மட்டும் கூடிப் பேசி, சம்பளத்தை மட்டும் எண்ணிக் கொண்டிருந்தால், எத்தனை ஆண்டு போனாலும் அந்த நாடு அன்னிய நாடாகவே இருக்கும்.

இங்கே இருக்கும் நமக்கும் அவர் ஒன்று சொல்கிறார். நம் பகுதிக்கும் இன்று வடநாட்டிலிருந்து பிழைப்புத் தேடித் தொழிலாளர் வருகிறார்கள். அவர்கள் பேச்சு நமக்குப் புரிவதில்லை. நம் பேச்சு அவர்களுக்குப் புரிவதில்லை. அவர்களில் ஒருவர் காய்ச்சலில் விழுந்தால் நாம் யார் பக்கம் நிற்கப் போகிறோம்? அந்தப் பெண்மணியின் பக்கமா, லனரோலின் பக்கமா? நம் பிள்ளைக்கு அன்னிய நாட்டில் யாராவது ஒரு தாய் கஞ்சி கொடுக்க வேண்டும் என்று நாம் செபிக்கிறோமே. இங்கே வந்திருக்கும் பிள்ளையின் தாயும் அதைத்தானே செபிக்கிறாள்?

ஜூபிலி ஆண்டில் கோவிலுக்கு வெள்ளையடித்து, கொடி ஏற்றி, தேர் அலங்கரித்து மகிழ்கிறோம். அது நல்லதுதான். அதோடு, கடல் கடந்து வாழும் நம் குடும்பத்தாரின் பெயர்களைச் சொல்லி மாதம் ஒரு பூசையில் மன்றாடவும், நம் ஊருக்கு வரும் அன்னியருக்குக் கோவில் வாசலில் ஒரு நல்ல வார்த்தையும் இருக்க ஓர் இடமும் கொடுக்கவும் நாம் தீர்மானித்தால், இந்த ஜூபிலி ஆண்டவருக்கு உகந்ததாகும்.

புனித ஜோசப் வாஸ் சுவாமியாரே, வீடு விட்டுப் பிரிந்தவர்களுக்காகவும், அவர்களுக்காகக் காத்திருப்பவர்களுக்காகவும், மண்டபத்தூர் மக்களாகிய எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.